எந்தப் புத்தகத்தை எடுப்பது? மட்டக்களப்பு, அம்பாறை வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாசிக்க வேண்டும் என்ற ஆசை எங்கள் பக்கத்தில் குறையவில்லை. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு புத்தகக் கண்காட்சி போட்டால் சனம் வரத்தான் செய்கிறது. வந்தவர்கள் எதை வாங்கிப் போகிறார்கள் என்று பார்த்தால்தான் கவலை வருகிறது. முகநூலில் யாரோ படம் போட்ட அதே ஐந்தாறு தலைப்புகள்தான் பையில் இருக்கும். வீட்டில் இருபது பக்கம் வாசிப்பார்கள், அதற்குப் பிறகு புத்தகம் அலுமாரிக்குப் போய்விடும். கொஞ்சக் காலத்தில் "எனக்கு வாசிப்புச் சரிவராது" என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கு வாசிப்பு நன்றாகவே சரிவரும். எடுத்த புத்தகம்தான் அவர்களுக்கானதாக இருக்கவில்லை.

சுயமுன்னேற்ற நூல், அபுனைவு (கதையல்லாத நூல்), இன்றைய நாவல் மூன்றையும் நாங்கள் ஒரே அளவுகோலால் அளக்கிறோம். எது அதிகம் பேசப்படுகிறதோ அதை எடுக்கிறோம். ஆனால் இந்த மூன்றும் மூன்று வேறு வேலைகளைச் செய்பவை, அதனால் ஒவ்வொன்றையும் வேறு விதமாகச் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். எந்தச் சோதனைக்கும் கால் மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது. கடையில் நின்றபடியே செய்யலாம், நூலக மேசையில் இருந்தும் செய்யலாம்.

முதல் படி: உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சுருக்குங்கள்

நூலகத்தில் ஒரு தம்பி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவர். சுயமுன்னேற்றத் தட்டின் முன்னால் நின்று கேட்டார்.

"அண்ணா, வாழ்க்கையில முன்னேற ஒரு புத்தகம் சொல்லுங்க."

"முன்னேற எண்டா என்னத்துல தம்பி?"

கொஞ்சம் யோசித்தார். "ஆக்களுக்கு முன்னால கதைக்கப் பயமாக் கிடக்கு. ஒரு இன்டர்வியூவும் வருது."

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. அவர் கேட்ட புத்தகம் ஒன்று, அவருக்குத் தேவையான புத்தகம் இன்னொன்று. வாழ்க்கையில் முன்னேறுவது பற்றி ஆயிரம் நூல் இருக்கும். மேடைப் பயமும் நேர்முகப் பரீட்சையும் என்றால் நான்கைந்தைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

நீங்களும் புத்தகக் கடைக்கு இறங்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்: "இந்தப் புத்தகத்தை முடித்ததும் நான் ........ செய்யத் தொடங்கியிருக்க வேண்டும்." அந்தக் கோட்டில் ஒரு செயல் வந்து விழுந்தால் உங்களுக்கு வேண்டியது சுயமுன்னேற்ற நூல். "செய்ய" என்ற இடத்தில் "விளங்கியிருக்க" என்று மாற்றத் தோன்றினால் அபுனைவு. வரலாறு, அறிவியல், பொருளாதாரம், வாழ்க்கை வரலாறு எல்லாம் அதற்குள்தான் வரும். கோட்டில் எதையும் எழுத வரவில்லை, சும்மா இன்னொரு வாழ்க்கைக்குள் போய் இருந்துவிட்டு வர வேண்டும்போல் இருக்கிறது என்றால் நாவலை எடுங்கள். அதற்குக் காரணம் தேடத் தேவையில்லை.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செயல் போலத் தோன்றும் சில கேள்விகளுக்குச் சுயமுன்னேற்ற நூல் உதவாது. வாப்பாவோடு பத்து வருடமாகப் பேசாமல் இருக்கும் மகன், வெளிநாட்டுக்குப் போன அண்ணனை மன்னிக்க முடியாத தங்கை போன்றவர்களுக்கு "மன்னிக்க ஏழு வழிகள்" என்ற நூலைக் கொடுத்தால் மூன்றாம் வழியிலேயே மூடிவைத்துவிடுவார்கள். ஒரு குடும்பம் எப்படி உடைந்தது என்பதை இருநூறு பக்கத்தில் பொறுமையாகச் சொல்லும் நாவல் அவர்களுக்கு நிறையக் கொடுக்கும்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

பொது நூலகத்திலிருந்து தொடங்குங்கள். பிழையான புத்தகத்தை எடுத்தாலும் காசு போகாத இடம் அது. அங்கத்துவப் படிவத்துக்குப் பிணையாளர் கையொப்பம், வதிவிட உறுதிப்படுத்தல் என்று என்ன கேட்கிறார்கள் என்பதை உங்கள் மாநகர சபை அல்லது பிரதேச சபை நூலகத்தில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். உள்ளே போனதும் பலர் தட்டுத் தட்டாக அலைகிறார்கள். அலையத் தேவையில்லை. புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண் தூயி பகுப்பு எண். மெல்வில் தூயி 1876 இல் வெளியிட்ட முறை அது. இந்தச் சில எண்களைத் தெரிந்து வைத்திருந்தால் நேரே போய் நிற்கலாம்.

சுயமுன்னேற்ற நூல்கள் பெரும்பாலும் 158 இல் இருக்கும். தொழில் வெற்றி, நேர்முகத் தேர்வு போன்றவை 650.1 இல். வீட்டுக் காசு நிர்வாகம் 332.024, பிள்ளை வளர்ப்பு 649, வாழ்க்கை வரலாறு 920, இலங்கை வரலாறு 954.93. தமிழ் இலக்கியம் 894.811, அதில் நாவலும் சிறுகதையும் 894.8113. மொழிபெயர்ப்பு நாவல் மூல மொழியின் எண்ணுக்குப் போகும் என்பது பலருக்குத் தெரியாது. சிங்களத்திலிருந்து வந்தது 891.48 இலும், மலையாளத்திலிருந்து வந்தது 894.812 இலும், ஆங்கில நாவல் 823 இலும் இருக்க வேண்டும். சில நூலகங்களில் நாவல்களையெல்லாம் தனியாக ஒரு பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள், நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டால் காட்டுவார். உசாத்துணைப் பகுதிப் புத்தகத்தை வீட்டுக்குத் தர மாட்டார்கள். ஆனால் வாங்கலாமா என்று யோசிக்கும் விலை கூடிய நூலை அங்கேயே இருந்து சோதித்துப் பார்க்கலாம்.

ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். அந்த நேரத்தில் நூலகங்களில் கண்காட்சியும் புதிய நூல்களும் வரும், தவறவிடாதீர்கள். கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி வழக்கமாகச் செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும். இங்கிருந்து இரவு பஸ் ஏறிப் போகிறவர்கள் கையில் ஒரு பட்டியலோடு போங்கள். அந்தக் கூட்டத்துக்குள் நின்று புதிதாக யோசிக்க முடியாது.

அப்புறம் இணையத்தில் "நூலகம்" என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் வருடிச் சேர்த்து இலவசமாகத் தருகிறார்கள். கிழக்கின் எழுத்தாளர் ஒருவரின் பழைய தொகுதி கடையில் கிடைக்கவில்லை என்றால் முதலில் அங்கே தேடுங்கள். மட்டக்களப்பிலிருந்து வரும் மகுடம் போன்ற இலக்கியச் சஞ்சிகைகளையும் பாருங்கள். யார் இப்போது என்ன எழுதுகிறார்கள் என்பது அவற்றில்தான் முதலில் தெரியவரும்.

மூன்றாம் படி: உள்பக்கத்தைப் பாருங்கள்

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பின்னட்டையை வாசிக்க வேண்டாம். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் சிறிய எழுத்தில் பதிப்பு விபரம் இருக்கும், அதைப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பு நூலாக இருந்தால் மூல நூலின் பெயர், மூல ஆசிரியர், முதலில் வெளிவந்த ஆண்டு, உரிமை பெற்ற விபரம், மொழிபெயர்த்தவர் பெயர் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லாத நூலைக் கீழே வைத்துவிடுங்கள். பெயர் போடாத வேலைக்கு யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள், உள்ளே பந்தி பந்தியாக விடுபட்டிருந்தாலும் கேட்க ஆளில்லை. பக்க எண்ணிக்கையையும் பாருங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது வழக்கமாகப் பக்கம் கூடும். மூலம் முந்நூறு பக்கம், தமிழ் நூற்றிருபது பக்கம் என்றால் அது சுருக்கம்தான், அட்டையில் அப்படிச் சொல்லாவிட்டாலும்.

ஐ.எஸ்.பி.என் (நூலுக்கான சர்வதேசத் தர எண்) எண்ணிலும் ஒரு தகவல் உண்டு. 2007 முதல் அது 13 இலக்கம். 978க்குப் பிறகு 955 அல்லது 624 வந்தால் இலங்கைப் பதிப்பு. 81 அல்லது 93 வந்தால் இந்தியப் பதிப்பு. இது விலைக்கு உதவும். இந்தியப் பதிப்பின் அட்டையில் இந்திய ரூபாய் விலை அச்சிட்டிருக்கும். அதை எத்தனையால் பெருக்கி விற்கிறார்கள் என்பது கடைக்குக் கடை மாறும். இரண்டு கடையில் கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை.

நான்காம் படி: சுயமுன்னேற்ற நூலுக்கான சோதனை

இந்த வகையைத் தாழ்வாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. நல்ல சுயமுன்னேற்ற நூல் ஒரு மனிதரை உண்மையிலேயே தூக்கி நிறுத்தும். இங்கிலாந்தில் 2013 முதல், மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் நூல்களைப் பொது நூலகத்தில் இரவல் எடுக்கும் திட்டமே நடக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை துறைசார்ந்தவர்கள் பார்த்துத் தெரிவு செய்த நூல்கள். எங்கள் கடைத் தட்டில் அப்படி ஒருவரும் சலித்துத் தருவதில்லை. நாங்களேதான் சலிக்க வேண்டும்.

முதலில் ஆசிரியரைப் பாருங்கள். இந்தப் புத்தகத்தை எழுதும் முன் அவர் என்ன செய்தார்? மனநல மருத்துவர், ஆசிரியர், பல வருடம் கடை நடத்தியவர் என்றால் அவருக்குச் சொல்ல ஏதோ இருக்கும். அவருடைய ஒரே வெற்றி வெற்றி பற்றிய புத்தகங்களை விற்றதுதான் என்றால் தள்ளி வையுங்கள்.

அடுத்து நடுவில் ஒரு அத்தியாயத்தைத் திறந்து, நாளைக் காலையில் நான் என்ன செய்ய வேண்டும் என்று அதனிடம் கேளுங்கள். "உங்கள் மீது நம்பிக்கை வையுங்கள்" என்பது பதிலாகாது. "பேசும் முன் முதல் இரண்டு வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், மிச்சத்தைக் குறிப்பாக வையுங்கள்" என்றால் அது பதில். மூன்று அத்தியாயம் திறந்தும் ஒரு செயல்கூடக் கிடைக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, இது யாருக்குச் சரிவராது என்று நூல் எங்காவது சொல்கிறதா பாருங்கள். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் என்று சொல்லும் நூலை விட, எல்லையைச் சொல்லும் நூலை நம்பலாம்.

நான்காவது, எண்கள். "21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று எத்தனை நூலில் பார்த்திருப்பீர்கள்! அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், தன்னிடம் வந்த நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாளளவு ஆகிறது என்று 1960 இல் எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் தொலைந்துபோக, முகத்துக்குச் சொன்னது எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009 இல் வெளியானது. ஒரு பழக்கம் தானாக வர அவர்களுக்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இருபத்திரண்டாம் நாள் பழக்கம் வரவில்லை என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு விட்டுவிட்ட பிள்ளைகளை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது. எண் சொன்ன புத்தகத்தில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும்.

காசு பற்றிய நூல்களுக்குத் தனிச் சோதனை வேண்டும். அமெரிக்காவிலோ இந்தியாவிலோ எழுதியதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இந்திய நூல் 80சி வரிச்சலுகை பற்றிப் பத்துப் பக்கம் சொல்லும், அது எங்களுக்கு உதவாது. எங்களுடைய கணக்கு வேறு. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். அதற்கு மேல் வீட்டில் சீட்டு, அடகு வைத்த நகை, குழுக்கடன், விதைப்புக்கு வாங்கிய கடன். ஒரு பண நூல் இவற்றைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும் என்பதில்லை. ஆனால் செலவைக் குறிக்க, கடன்களை வரிசைப்படுத்த, அவசரத்துக்குக் கொஞ்சம் ஒதுக்கப் படிப்படியாகச் சொல்லித்தந்தால் எந்த நாட்டு நூலானாலும் எடுக்கலாம். பங்குச் சந்தையும் வாடகை வீடும்தான் முழுப் புத்தகமும் என்றால் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆள் சேர்த்தால் காசு வரும் என்று மண்டபத்தில் கூட்டம் வைப்பவர்கள் கையில் ஒரு சுயமுன்னேற்ற நூலையும் தருவதுண்டு. நூல் நல்லதாகவே இருக்கலாம், அதை வைத்து அந்தத் திட்டத்தை நம்ப வேண்டாம். பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. தடையான நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது, சேர முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவருக்குப் புத்தகம் தேட வேண்டாம். 1926 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண். அல்லது பக்கத்து ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். புத்தகம் பிறகு வரலாம்.

ஐந்தாம் படி: அபுனைவுக்கான சோதனை

இங்கே பார்க்க வேண்டியது ஆண்டு, ஆதாரம், பக்கச்சார்பு ஆகிய மூன்றும்தான்.

ஆண்டு என்றால் தமிழ்ப் பதிப்பின் ஆண்டைச் சொல்லவில்லை, மூல நூலின் ஆண்டைச் சொல்கிறேன். உளவியல் நூல்களுக்கு இது மிக முக்கியம். 2015 இல் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து, வெளியாகியிருந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானவற்றில்தான் தெளிவான முடிவு திரும்பக் கிடைத்தது. மார்ஷ்மெலோ இனிப்பைத் தின்னாமல் பொறுத்திருந்த பிள்ளைகள்தான் பிற்காலத்தில் நன்றாக வருவார்கள் என்ற புகழ்பெற்ற கதையை, 2018 இல் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்துத் திரும்பப் பார்த்தார்கள். தொடர்பு முன்பு சொன்னதை விடக் குறைவாக இருந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் இன்னும் சுருங்கியது. ஆகவே 2008 இல் எழுதி 2022 இல் தமிழுக்கு வந்த ஒரு நூல் இந்தக் கதைகளை நிச்சயமான உண்மையாகச் சொன்னால், அது எழுதப்பட்ட காலத்தை நினைவில் வைத்து வாசியுங்கள். வரலாற்று நூலுக்கு இந்தப் பயம் குறைவு. ஐம்பது வருடப் பழைய நல்ல வரலாற்று நூல் இன்றும் நிற்கும்.

ஆதாரத்துக்குக் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். உசாத்துணைப் பட்டியல், குறிப்புகள், சொல்லடைவு இருக்கின்றனவா? சில தமிழ்ப் பதிப்புகளில் காகிதம் மிச்சம் பிடிக்க இவற்றை வெட்டிவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய மனக்குறை.

பக்கச்சார்பு எங்கள் மாவட்டத்தைப் பற்றிய நூல்களில் மிக முக்கியம். ஒரு வழி சொல்கிறேன். 1990 ஆம் ஆண்டுக் கிழக்கைப் பற்றி எழுதிய நூலை எடுத்தால், முஸ்லிம்கள் கொல்லப்பட்ட ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழர்கள் கொல்லப்பட்ட செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான் படுகொலை இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் ஐந்து வாரம்தான், தூரமும் அதிகமில்லை. ஒன்றை விரிவாகச் சொல்லி மற்றதை ஒரு வரியில்கூடச் சொல்லாத நூலையும் வாசிக்கலாம். அது ஒரு சாட்சியம். ஆனால் அதை மட்டும் வாசித்துவிட்டு அந்தக் காலத்தை அறிந்துவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. அடுத்த சமூகத்திலிருந்து எழுதிய இன்னொன்றையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இப்படி இரண்டிரண்டாக வாசிக்கும் பழக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு பற்றி ஒன்று மட்டும். தான் தோற்றுப்போன இடங்களைச் சொல்லாத தன்வரலாற்றை எடுக்க வேண்டாம்.

ஆறாம் படி: நாவலும் சிறுகதையும்

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் நாவலைக் கொடுப்பதில்லை. சிறுகதைத் தொகுதிதான் கொடுப்பேன். கல்முனையில் பஸ் ஏறினால் மட்டக்களப்பு வருவதற்குள் இரண்டு கதை முடித்துவிடலாம். ஒரு கதை பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். இரண்டு மூன்று கதையில் அந்த எழுத்தாளர் உங்களோடு பேசுகிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். பேசினால் அவருடைய நாவலைத் தேடுங்கள். எங்கள் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. ஓட்டமாவடியின் எஸ்.எல்.எம். ஹனீபாவும் கல்முனைப் பக்கத்து உமா வரதராஜனும் சிறுகதைக்குப் பெயர் போனவர்கள்.

தெரிவு செய்யும்போது முதல் பக்கத்தை வாசியுங்கள். பிறகு நடுவில் உரையாடல் இருக்கும் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். முதல் பக்கத்தை எல்லாரும் கவனமாக எழுதுவார்கள், நடுப்பக்கத்தில்தான் எழுத்தாளர் உண்மையில் யார் என்று தெரியும். படுவான்கரையில் வயல் பார்க்கும் ஒரு ஆச்சி, "மகனே, நான் பிறகு வருகிறேன், நீ உணவருந்திவிட்டுச் செல்" என்று பேசினால் அந்த எழுத்தாளர் ஆச்சியைக் கேட்டதே இல்லை. "மறுகா வாறன் மனே, நீ திண்டுட்டுப் போ" என்று ஆச்சி பேசினால் காது திறந்திருக்கிறது. அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு விமல் குழந்தைவேல் எழுதிய "கசகறணம்" நாவலை இதற்காகவே பலருக்குச் சொல்வேன். அந்த மண்ணின் பேச்சு அதில் அப்படியே நடமாடுகிறது. வெளியூர்க்காரருக்கு முதல் சில பக்கம் கஷ்டமாக இருக்கலாம். எங்களுக்கு அது வீட்டுப் பேச்சு.

மொழிபெயர்ப்பு நாவலுக்கும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதுதான் சோதனை. ஒரு பந்தியில் "-ப்பட்டது", "-ஆல்" என்று தொடர்ந்து வந்தால், யார் யாரை என்ன செய்தார் என்று இரண்டு தரம் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தால், கதை எவ்வளவு நல்லதானாலும் நூறு பக்கத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க மாட்டீர்கள். அதே நாவலுக்கு வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

பின்னட்டையை நம்பிப் போர் பற்றிய நாவலை எடுக்காதீர்கள். "இரத்தமும் கண்ணீரும்" என்று எல்லா அட்டையிலும்தான் எழுதியிருக்கும். ஒரு பக்கத்தைத் திறந்து, அங்கே ஒரு சாதாரண நாள் இருக்கிறதா என்று பாருங்கள். சோறு சமைத்தது, கடைக்குப் போனது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அந்தச் சாதாரண நாளைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்குத்தான் அது கலைந்த நாளையும் எழுத வரும். போரை நேரில் கண்டவர்களுக்கு இன்னொரு ஆலோசனையும் உண்டு. அந்த நினைவு இன்னும் நித்திரையைக் கெடுக்கிறது என்றால் இந்த நாவல்களை இப்போது வாசித்தே ஆக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. காதல் கதை, துப்பறியும் கதை, வேறு நாட்டுக் கிராமத்தின் கதை எல்லாமே இலக்கியம்தான்.

விருதுகளைப் பற்றி. விருது ஒரு நூலின் தகுதியைச் சொல்லலாம், அது உங்களுக்கு இலகுவாக இருக்குமா என்பதைச் சொல்லாது. 2022 இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவல் 1990 ஆம் ஆண்டுக் கொழும்பில் நடப்பது. இறந்துபோன ஒரு புகைப்படக்காரரை "நீ" என்று முன்னிலையில் வைத்தே முழுக் கதையும் சொல்கிறது. இலங்கையர் என்பதால் முதல் நாவலாகவே அதை எடுத்துக்கொண்டு திணறும் ஆட்கள் உண்டு. நாலைந்து நாவல் வாசித்துவிட்டு அதற்கு வந்தால் ருசி பிடிபடும். புக்கர் ஆங்கில நாவலுக்கான பரிசு. சர்வதேச புக்கர் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்த நூலுக்கானது. இலங்கையில் வசிப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதற்கு 1993 முதல் கிரேஷன் பரிசு இருக்கிறது. தமிழுக்கு அரச சாகித்திய விருது, கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டத்தின் விருதுகள் போன்றவை. விருது பெற்ற நூலை மட்டும் பார்க்காமல், கிடைத்தால் இறுதிச் சுற்றுப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். உங்களுக்கான நூல் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

ஏழாம் படி: தாளிலா, போனிலா

காசும் கண்ணும் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் பலரும் கேட்கிறார்கள். 2018 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மொத்தம் 170,000 பேருக்கு மேல். தகவல் தரும் எழுத்தைத் தாளில் வாசித்தவர்களுக்குத் திரையில் வாசித்தவர்களை விட நன்றாக விளங்கியிருந்தது, நேரக் கட்டுப்பாடு இருந்தபோது வித்தியாசம் இன்னும் கூடியது. கதை எழுத்தில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கையில் இருக்கும் காசை அபுனைவுக்கும் சுயமுன்னேற்றத்துக்கும் ஒதுக்கித் தாளில் வாங்குங்கள், நூலகத்தில் இரவல் எடுப்பதென்றாலும் அவற்றையே எடுங்கள். நாவலை, உரிமையோடு விற்கும் மின்னூலாகப் போனில் வாசித்தால் பெரிதாக ஒன்றும் குறையாது. சும்மா கைக்குக் கைமாறும் களவுப் பிரதிகளை எடுக்க வேண்டாம். இலங்கைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 வருடம் வரை உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. கிழக்கில் எழுதும் ஒருவர் முந்நூறு பிரதி அச்சிட்டு, அதைத் தானே காவிக்கொண்டு திரிந்து விற்கிறார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: எப்போது விடுவது

தெரிவு எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில புத்தகம் ஒட்டாது. நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு கணக்குச் சொல்வார்: ஐம்பது பக்கம் கொடுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் தங்கள் வயதை நூறிலிருந்து கழித்து, வரும் எண்ணளவு பக்கம் கொடுத்தால் போதும். எழுபது வயது ஐயா ஒருவருக்கு முப்பது பக்கம். இந்தக் கணக்கு நாவலுக்கு நன்றாகப் பொருந்தும். அபுனைவில் ஐம்பது பக்கத்தில் அலுத்தால் முழுதாக விட வேண்டாம், பொருளடக்கத்துக்குப் போய் உங்கள் கேள்விக்கு நேரே பதில் சொல்லும் அத்தியாயத்தை மட்டும் வாசியுங்கள். சுயமுன்னேற்ற நூலில் ஒரு செயல் கிடைத்ததுமே புத்தகத்தை மூடிவிட்டு அதைச் செய்யத் தொடங்கலாம். மிச்சத்தை ஒரு மாதம் கழித்துத் திறந்தால் போதும்.

மாரி மழை பிடித்து றோட்டெல்லாம் வெள்ளம் நிற்கும் நாட்களுக்கு ஒரு பெரிய நாவலை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் நூலகத்துக்குப் போய்வருவது பல ஊர்களுக்குக் கஷ்டம். இரவல் நூல் என்றால் பொலித்தீனில் சுற்றி மேல் தட்டில் வையுங்கள். ஈரம் பட்டால் தாள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது.

முடித்த புத்தகத்துக்கு ஒரு கொப்பியில் நாலு வரி எழுதுங்கள்: பெயர், எங்கே கிடைத்தது, முதல் படியில் எழுதிய கோட்டுக்குப் பதில் கிடைத்ததா, இதற்குள் வேறு எந்த நூலின் பெயர் வந்தது. கடைசி வரியைத் தவறாமல் எழுதுங்கள். நல்ல அபுனைவு நூல் ஒவ்வொன்றும் தான் எங்கிருந்து கற்றது என்று சொல்லும், நல்ல நாவலாசிரியர் முன்னுரையிலோ நேர்காணலிலோ தனக்குப் பிடித்தவர்களைச் சொல்வார். அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது அந்தப் பெயர்களோடு போய் நூலகரிடம் கேளுங்கள். தட்டில் இல்லாவிட்டால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நூலகத்துக்குப் புதிய நூல் கொள்வனவு செய்யும் நேரத்தில் வாசகர் கேட்ட பெயர் ஒன்று மேசையில் இருப்பது அவர்களுக்கும் உதவிதான்.